பத்து ரூபாய்க்குத் திரும்பும் பாட்டில்: நீலகிரியின் காலி மது பாட்டில் சேவை பற்றிய மதிப்புரை

நீலகிரி மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் விற்கப்படும் ஒவ்வொரு மது பாட்டிலுக்கும் விலைக்கு மேல் 10 ரூபாய் கூடுதலாக வாங்கப்படுகிறது. காலி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்த 10 ரூபாய் திருப்பித் தரப்படுகிறது. 2022 மே 15 அன்று தொடங்கிய இந்த நடைமுறையைப் பற்றி இதுவரை எழுதியவர்கள் பெரும்பாலும் மது வாங்குபவர்களின் பக்கமிருந்தோ அரசின் பக்கமிருந்தோதான் எழுதியிருக்கிறார்கள். நான் மது அருந்துவதில்லை. கோத்தகிரி வட்டாரத்தில் சாலையை ஒட்டிச் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவன் என்ற முறையில், குடித்தவர்கள் வீசிவிட்டுப் போவது வந்து விழும் நிலத்தின் பக்கமிருந்து இந்தச் சேவையை மதிப்பிடுகிறேன். மலைக்கென்று போடப்பட்ட விதிகளில் நன்கு யோசிக்கப்பட்டது இதுவே என்பதும், யோசித்த அளவுக்கு அது கட்டி முடிக்கப்படவில்லை என்பதும் என் கருத்து. ஐந்து மதிப்பெண்ணுக்கு மூன்றரை கொடுப்பேன். குறைக்கும் ஒன்றரையும் திட்டத்தின் கருத்துக்காக அன்று, அதை நடத்தும் விதத்துக்காக.

இந்தத் திட்டம் அரசு தானாக முன்வந்து கொண்டுவந்ததன்று. மலைப்பகுதிகளில் சேரும் குப்பை பற்றிய வழக்குகளை விசாரித்துவந்த சென்னை உயர் நீதிமன்றம், வனப்பகுதிகளில் வீசப்படும் மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் கால்களைக் கிழிப்பதைக் கவனத்தில் கொண்டு, விற்கும் நிறுவனமே காலி பாட்டிலைத் திரும்ப வாங்க வேண்டும் என்று வலியுறுத்தியதன் விளைவாகவே இது வந்தது. நீலகிரியில் முதலில் நடைமுறைக்கு வந்து, பின்னர் கோவை, பெரம்பலூர் எனச் சமவெளி மாவட்டங்களுக்கும் பரவியது. 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுவதும் ஒரே அரசு நிறுவனத்தின் கையில் இருப்பதால், இப்படி ஒரு திட்டத்தை நடத்த இங்கே இருக்கும் வசதி தனியார் கடைகள் உள்ள வேறு மாநிலங்களுக்குக் கிடையாது. விற்பவரும் ஒருவரே, திரும்ப வாங்க வேண்டியவரும் ஒருவரே.

தோட்டத்தில் கவாத்து நடக்கும் காலத்தில்தான் பாட்டில்களின் உண்மையான நிலவரம் தெரியும். செடி இடுப்புயரத்தில் அடர்ந்து நிற்கும்போது அடியில் கிடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை கவாத்துக் கத்தி இறங்கி, செடிகள் முழங்கால் உயரத்துக்கு வெட்டப்பட்டு, வெளிச்சம் மண்ணைத் தொட்ட பிறகுதான் அத்தனை ஆண்டுகளாகச் சாலையிலிருந்து வீசப்பட்டவை எல்லாம் வெளியே வருகின்றன. 180 மில்லி பாட்டில்கள் வேருக்கும் சருகுக்கும் நடுவே பாதி புதைந்து, உள்ளே மண்ணும் பாசியும் ஏறிக் கிடக்கும். பீர் பாட்டில்கள் பெரும்பாலும் கழுத்தோடு உடைந்திருக்கும். பழுப்புக் கண்ணாடித் துண்டுகள் காய்ந்த தேயிலையின் நிறத்திலேயே இருப்பதால், கால் பட்ட பிறகே தெரியும். கொழுந்து பறிக்க வரும் பெண்களில் கம்பூட்ஸ் அணிந்து வருபவர்கள் ஒரு சிலரே. மற்றவர்கள் ரப்பர் செருப்போடு இறங்குகிறார்கள். காட்டெருமைகள் இரவில் இதே வரிசைகளுக்கு நடுவேதான் நடக்கின்றன. குளம்பின் பிளவில் செருகிய கண்ணாடியை எடுத்துவிட அவற்றுக்கு யாருமில்லை.

2022க்குப் பின்பு கவாத்து செய்த துண்டுகளில், சாலைக்கு மிக அருகில் உள்ள வரிசைகளில்கூட முழுப் பாட்டில்கள் அரிதாகவே கிடைக்கின்றன. பழைய பாட்டில்கள் இன்னும் இருக்கின்றன, உடைந்த துண்டுகளும் இருக்கின்றன. புதிதாக வந்து விழுந்தவை குறைந்திருப்பதைக் கண்ணால் காண முடிகிறது. என் ஒரு தோட்டத்தை வைத்து மாவட்டம் முழுமைக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால், அக்கம்பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளும், கேரட் போடும் நண்பர்களும் சொல்வது இதனோடு ஒத்துப்போகிறது.

இது ஏன் வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, ஒரு மாலை நேரத்தில் கடைக்கு வெளியே சற்று நேரம் நின்றாலே போதும். அரிசிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு முதியவர் வருகிறார். சாக்கைக் கீழே வைத்து, பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, திட்டத்தில் விற்றதற்கு அடையாளமாகக் கடையில் ஒட்டிய ஸ்டிக்கர் வெளியே தெரியும்படி திண்ணை ஓரத்தில் வரிசையாக நிறுத்துகிறார். ஸ்டிக்கர் இல்லாதவற்றை அவரே தனியே ஒதுக்கிவிடுகிறார். உள்ளிருந்து வரும் ஊழியர் விரலால் தொட்டு எண்ணி, அட்டைப்பெட்டியில் அடுக்கிவிட்டு, பணத்தைக் கொடுக்கிறார். பேச்சு ஏதும் இல்லை. அந்தப் பாட்டில்களில் ஒன்றைக்கூட அந்த முதியவர் வாங்கியிருக்க மாட்டார். காட்சிமுனைகளிலும் பேருந்து நிறுத்தங்களின் பின்புறத்திலும் காரிலிருந்து இறங்கியவர்கள் விட்டுச்சென்றவை அவை.

ஒரு இரவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து விடுதியில் தங்குபவருக்கு 10 ரூபாய் ஒரு பொருட்டா என்று பலர் கேட்கிறார்கள். பொருட்டில்லைதான், பொருட்டாக இருக்க வேண்டியதும் இல்லை. அவர் அலட்சியமாக விட்டுச்செல்லும் அதே 10 ரூபாய் இன்னொருவருக்கு அந்த நாளின் டீயும் பன்னும் ஆகிறது. எனவே பாட்டில் தரையில் நெடுநேரம் கிடப்பதில்லை. வீசுபவரின் மனம் திருந்தும்வரை இந்தத் திட்டம் காத்திருக்கவில்லை என்பதே அதன் பலம். நம்மூர்ப் பெட்டிக்கடைகள் காளிமார்க் சோடாவுக்கும் கலருக்கும் பாட்டில் பணம் பிடித்து வைத்திருந்த காலத்தில் ஒரு பாட்டில்கூடச் சாக்கடையில் கிடந்ததில்லை. அந்தப் பழைய கணக்கையே அரசு இப்போது கையில் எடுத்திருக்கிறது.

மலையில் நடைமுறையில் இருக்கும் மற்ற விதிகளோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். நீலகிரியில் பிளாஸ்டிக் தடை புதிதன்று. மாநிலம் முழுவதற்குமான தடை 2019 ஜனவரி 1 அன்று வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்தபோது இந்த மாவட்டம் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. அதனால் கிடைத்த நன்மை பெரியது. இங்கே வளர்ந்த குழந்தைகள் துணிப்பையை இயல்பாக எடுத்துச் செல்கிறார்கள். ஆனால் தடை என்பது கண்காணிப்பவர் இருக்கும் இடத்தில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. பர்லியாரிலும் குஞ்சப்பனையிலும் வண்டியை நிறுத்திச் சோதிப்பவர் கண்ணில் படாமல் இருக்கையின் அடியில் வைத்த தண்ணீர் பாட்டிலை, அதற்குமேல் யாரும் தேடப்போவதில்லை. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஊழியரை நிறுத்திவைக்க எந்த அரசாலும் முடியாது. தண்ணீர் பாட்டிலுக்கு மாற்றாக நாணயம் போட்டால் குடிநீர் தரும் இயந்திரங்கள் வைக்கப்பட்டன. அவை நல்ல சேவை, ஒழுங்காக இயங்கும் இடங்களில் நானே பயன்படுத்துகிறேன். அவை பாட்டில் கொண்டுவருவதற்கான தேவையைக் குறைக்கின்றன, வந்துவிட்ட பாட்டிலைத் திருப்பி எடுப்பதில்லை.

கொடைக்கானலில் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். 5 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுள்ள பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு 20 ரூபாய் பசுமை வரி விதிக்கப்பட்டது. தொகை நீலகிரியின் தொகையைவிட இரண்டு மடங்கு; ஆயினும் என் கணிப்பில் பலன் அதில் பாதிகூட இருக்காது. வரி கட்டியவர் தன் கடமை முடிந்துவிட்டதென்று நினைக்கிறார். பணம் நகராட்சிக்குப் போய்விடுகிறது, பாட்டில் அவர் கையில் இருக்கிறது, தூக்கி எறிந்தாலும் அதன்பின் இழப்பதற்கு எதுவும் இல்லை. எடுப்பவருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. வைப்புத்தொகை அப்படியன்று, அந்த 10 ரூபாய் பாட்டிலோடு ஒட்டிக்கொண்டு, பாட்டில் போகும் இடமெல்லாம் போகிறது. கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலைத்தொடரில் உள்ளவர்கள் இந்த வேறுபாட்டை நகராட்சியிடமும் நீதிமன்றத்திடமும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

மலைக்கு வர இணையவழியில் முன்கூட்டியே பெறும் அனுமதியான இ-பாஸ் குறித்து நடந்த சர்ச்சையையும் இங்கே தொட்டாக வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்று வரம்பும் வைக்கப்பட்டது. வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்களுடைய பிழைப்பு பற்றிய கவலை நியாயமானது. நெரிசலுக்கு வரம்பு வேண்டும் என்பதையும் நான் ஏற்கிறேன். ஆனால் எத்தனை வாகனங்கள் வருகின்றன என்பது ஒரு கேள்வி, வந்தவை எதை விட்டுச்செல்கின்றன என்பது இன்னொரு கேள்வி. பாதியாகக் குறைந்த கூட்டமும் பாட்டிலை வீசிவிட்டுத்தான் போகும் என்றால், மண்ணுக்குள் போகும் கண்ணாடி நிற்கப்போவதில்லை. அதே அளவு கண்ணாடி சேர்வதற்கு ஆகும் காலம் மட்டும் சற்று நீளும்.

இந்தத் திட்டத்தின் மீதான கடுமையான விமர்சனம் ஒன்று உண்டு. அதை எழுப்புபவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் மற்ற எல்லாவற்றையும்விட அதற்கு அதிக மதிப்புக் கொடுக்கிறேன். மதுவை விற்பதும் அரசே, அதனால் குடும்பங்கள் அழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அரசே, இப்போது காலி பாட்டிலைத் திரும்ப வாங்கிச் சூழலைக் காப்பதாகச் சொல்வதும் அதே அரசா என்று கேட்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளிலும் பழங்குடி ஊர்களிலும் சம்பள நாள் மாலையில் நடப்பதைப் பார்த்த எவரும் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 2023 ஜூன் 22 அன்று மாநிலத்தில் இருந்த 5,329 கடைகளில் 500 மூடப்பட்டன. அது போதாது என்பதும், மலையில் கடைகளின் எண்ணிக்கை இன்னும் குறைய வேண்டும் என்பதும் என் உறுதியான நிலைப்பாடு. ஆயினும் கடைகள் இருக்கும் நாள்வரை பாட்டில்கள் வந்துகொண்டே இருக்கும். மதுவிலக்கு வரட்டும், பிறகு பாட்டிலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், அந்த இடைக்காலத்தின் கண்ணாடி என் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மட்காமல் மண்ணில் கிடக்கும். இரண்டு கோரிக்கைகளையும் ஒரே மூச்சில் வைப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. அரசு இத்திட்டத்தைக் காட்டி முதல் கோரிக்கையிலிருந்து நழுவ முயன்றால் மட்டும் அதை நாம் அனுமதிக்கக் கூடாது.

இனி நடத்தும் விதத்துக்கு வருகிறேன்.

முதலாவது, வேலையின் சுமை யார் தலையில் விழுகிறது என்பது. விற்பனை செய்து, கணக்கு முடித்து, சரக்கு இறக்கிக்கொண்டிருந்த அதே தொகுப்பூதிய ஊழியர்களிடம், கூடுதல் ஆளோ இடமோ போதிய அளவில் தராமல், ஸ்டிக்கர் ஒட்டுவதும் காலி பாட்டில் எண்ணுவதும் அடுக்குவதும் ஒப்படைக்கப்பட்டன. இதை எதிர்த்து ஊழியர் சங்கங்கள் தொடர்ந்து குரல் கொடுத்திருக்கின்றன. காலி பாட்டில் சேகரிப்பைத் தனி ஏற்பாடாகப் பிரிக்க வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கை முழுக்க நியாயமானது. மலையில் பல கடைகள் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய கட்டடங்களில் இயங்குகின்றன. புதிய சரக்கு வைக்கவே இடம் போதாத அறையில், அடியில் மிச்சம் தேங்கிப் புளித்த வாடை வீசும் காலி பாட்டில்களையும் அடுக்கச் சொன்னால் வேலை செய்பவர் எப்படி மனமுவந்து செய்வார்? திட்டத்தின் வெற்றி தோல்வி அந்த ஒரு ஊழியர் பாட்டிலைப் புன்முறுவலோடு வாங்குகிறாரா, சலிப்போடு வாங்குகிறாரா என்பதில் இருக்கிறது. அவரை வருத்தி மலையைக் காப்பாற்ற முடியாது.

இரண்டாவது, நேரம். மதுக்கடைகள் நண்பகல் 12 மணிக்குத் திறக்கின்றன. வெளியூரிலிருந்து வருபவர்களோ முதல் நாள் மாலை வாங்கி, இரவு குடித்து, மறுநாள் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு மலையிறங்கிவிடுகிறார்கள். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும் நல்லெண்ணம் உள்ளவருக்கும் அந்தக் காலை நேரத்தில் கடை மூடியே இருக்கிறது. விடுதி அறையிலேயே விட்டுவிட்டால் அறையைச் சுத்தம் செய்பவருக்கு அந்தப் பணம் சேரும், அது நல்லதே. காரில் எடுத்துக்கொண்டு கிளம்பியவருடைய பாட்டில்தான் வழியில் ஏதாவதொரு வளைவில் பள்ளத்துக்குள் போகிறது. மலையிறங்கும் வழிகளில் இருக்கும் சோதனைச் சாவடிகளிலேயே, கல்லாறு, குஞ்சப்பனை, கக்கநள்ளா, நாடுகாணி ஆகிய இடங்களில் காலை முதலே பாட்டில் வாங்கும் மையம் ஒன்று வைத்தால் இந்தக் குறை பெருமளவு தீரும். வண்டிகள் எப்படியும் அங்கே வேகம் குறைகின்றன.

மூன்றாவதைத்தான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பாட்டிலைக் கொடுத்துப் பணம் வாங்கும் ஒரே இடமாக மதுக்கடையே இருக்கிறது. எங்கள் தோட்டங்களில் பாட்டில்களைக் கண்டெடுப்பவர்கள் பெண்கள். கொழுந்து பறிக்க வரும் ஒரு பெண்மணியிடம், ஸ்டிக்கரோடு கிடக்கும் பாட்டில்களை நீங்களே எடுத்துக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாமே என்றேன். "அந்தக் கடை வாசல்ல போய் நான் நிக்க முடியுங்களா அண்ணா? பாக்கறவங்க என்ன பேசுவாங்க" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? மலையை உண்மையாகவே தூய்மைப்படுத்தும் கைகளுக்குத் திட்டத்தின் பணம் எட்டாத நிலை இது. ஊராட்சி அலுவலகம், தேயிலைக் கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் கொழுந்து எடை போடும் இடம், நகராட்சியின் குப்பை தரம்பிரிக்கும் கூடம் போன்ற இடங்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் சேகரிப்பை ஒப்படைத்து, ஒவ்வொரு பாட்டிலுக்கும் அவர்களுக்கு ஒரு சிறு கமிஷன் கொடுத்தால், கடை ஊழியர்களின் சுமையும் குறையும், பெண்களும் தலைநிமிர்ந்து பணம் வாங்குவார்கள். சிறுவர்கள் பள்ளியை விட்டுவிட்டுச் சாக்கோடு அலைவதைத் தடுக்கவும் இத்தகைய மையங்களில்தான் கண்காணிப்பு சாத்தியம்.

ஸ்டிக்கர் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆண்டில் பல மாதம் மழையும் பனிமூட்டமும் உள்ள ஊரில் பாட்டிலின் மேல் ஒட்டியது உரிந்துவிடும். உரிந்த பாட்டிலுக்கு மதிப்பில்லை என்றாகிவிட்டால் அது மீண்டும் குப்பையே. அடையாளத்தைக் கண்ணாடியிலேயே வார்த்தோ அழியாதபடி அச்சிட்டோ கொண்டுவர மதுபான ஆலைகளைப் பணிக்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. மாநிலம் முழுவதும் ஒரே முறை வந்துவிட்டால், அண்டை மாவட்டத்தில் வாங்கி வந்த பாட்டில், இங்கே வாங்கிய பாட்டில் என்ற பாகுபாடே தேவைப்படாது. கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருபவை மட்டும் மிஞ்சும். கூடலூர், பந்தலூர், மசினகுடி பகுதிகளில் அது சிறிய சிக்கல் அன்று. அதற்கு மூன்று மாநிலங்களும் உட்கார்ந்து பேச வேண்டும்.

2023இல் கண்ணாடிக்குப் பதிலாகக் காகித அட்டைப் பெட்டிகளில், 90 மில்லி அளவில் மது விற்பது குறித்து மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை அமைச்சர் முத்துசாமி பேசியதும், உடையாத பொருள் என்பதால் மலைக்கு நல்லதுதானே என்று சிலர் வரவேற்றார்கள். நான் அதை முழுமையாக எதிர்க்கிறேன். அந்தப் பெட்டி வெறும் காகிதமன்று. காகிதம், பிளாஸ்டிக், அலுமினியம் ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டிய பல அடுக்குகள். அதைப் பிரித்தெடுக்கத் தனி ஆலை வேண்டும். கண்ணாடியைக் கழுவி மீண்டும் நிரப்பலாம், நொறுங்கினாலும் உருக்கி மீண்டும் பாட்டிலாக்கலாம். மேலும், நசுக்கி எறியப்பட்ட பெட்டியை எண்ணி வாங்குவதும் எளிதன்று. உப்போ இனிப்போ மணந்தால் மானும் குரங்கும் அதை மென்று விழுங்கும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிளாஸ்டிக்கை மலையேற விடாமல் போராடிவிட்டு, அதையே அட்டைக்குள் மறைத்துக் கொண்டுவர இடம் கொடுக்கக் கூடாது.

கடைசியாக ஒரு கணக்கு கேட்க வேண்டியிருக்கிறது. திரும்பி வராத ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் விற்கும் நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது. அது விற்பனை வருமானம் அன்று. வாங்கியவர் விட்டுக்கொடுத்ததும், எடுத்தவர் யாரும் இல்லாததால் மிஞ்சியதுமான தொகை. அந்தப் பாட்டில் எங்கே போயிற்று என்றால், எங்கள் நிலத்திலும் காட்டிலும் கிடக்கிறது. எனவே அந்தப் பணமும் இங்கேயே செலவாக வேண்டும். உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என வட்டம் வாரியாக எத்தனை பாட்டில்கள் விற்றன, எத்தனை திரும்பின, மிஞ்சிய தொகை எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் கிராமசபையில் வைக்கட்டும். அந்தத் தொகையைக் கொண்டு, ஏற்கெனவே மண்ணில் கிடக்கும் உடைந்த கண்ணாடியைப் பொறுக்கும் பணிக்குத் தோட்டத் தொழிலாளர்களை, அவர்களுக்கு வேலை குறைவாக உள்ள பனிக்காலத்தில், உரிய கூலியோடும் தடித்த கையுறை, கம்பூட்ஸோடும் அமர்த்தட்டும். கவாத்து முடிந்து செடி துளிர்க்காத வாரங்கள் அதற்கு ஏற்றவை. என் தோட்டத்தில் அந்த வேலையை இந்த ஆண்டு என் செலவில் செய்து முடித்திருக்கிறேன். அடுத்த கிராமசபையில் மேற்சொன்ன கணக்கைக் கேட்டு மனுவும் கொடுக்கப்போகிறேன். மற்ற ஊராட்சிகளில் உள்ள விவசாயிகளும் இதே மனுவை அவரவர் ஊரில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.